விசைப்பலகையில் யாருடைய கை?

புத்தளம் கரையின் அலுவலகங்கள் கணினிக்கு மாறிவிட்டன. காணி, நிவாரணம், நோயாளர் குறிப்பு, அடகு, மின்சாரம் எல்லாமே இன்று திரைக்குள் இருக்கின்றன. அந்தத் திரையைத் திறக்கும் முறையும் மாறியாக வேண்டும் என்பதற்கான காரணங்களை இந்தச் சிறப்புக் கட்டுரை முன்வைக்கிறது.

2015 டிசம்பர் 23, பிற்பகல். மேற்கு உக்ரேனில் மின்விநியோக நிறுவனமொன்றின் கட்டுப்பாட்டு அறை. பணிமுறை முடிந்து வீட்டுக்குப் புறப்படும் நேரம். திரையிலிருந்த மவுஸ் சுட்டி திடீரெனத் தானாக நகர்ந்தது. மவுஸை யாரும் தொடவில்லை. சுட்டி ஓர் உபமின்நிலையத்தின் பிரேக்கரைத் தேடிப் போய் அதைத் திறந்தது; அந்தப் பகுதி இருண்டது. பதறிப்போன இயக்குநர் மவுஸைப் பிடித்து மல்லுக்கட்டினார். கணினி அவரை வெளியே தள்ளியது. மீண்டும் உள்ளே வர முயன்றபோது அவருடைய கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தது. அன்று மூன்று விநியோக நிறுவனங்கள் இப்படித் தாக்கப்பட்டன. ஏறத்தாழ 225,000 பாவனையாளர்கள் கடுங்குளிரில் மின்சாரம் இழந்தார்கள். ஊழியர்கள் வாகனங்களில் ஓடிப்போய் உபமின்நிலையங்களைக் கையால் இயக்கித்தான் வெளிச்சத்தை மீட்டார்கள்.

தாக்கியவர்கள் சுவரை உடைத்துக்கொண்டு வரவில்லை. பல மாதங்களுக்கு முன்பே ஊழியர்களுக்கு மின்னஞ்சலில் ஓர் ஆவணத்தை அனுப்பி, அதைத் திறந்தவர்களின் கணினிகள் வழியாக உள்ளே புகுந்து, பயனர் பெயர்களையும் கடவுச்சொற்களையும் ஒவ்வொன்றாகச் சேகரித்திருந்தார்கள். வெளியிலிருந்து கட்டுப்பாட்டு வலையமைப்புக்குள் வரும் வாசலில் கடவுச்சொல்லைத் தவிர வேறு கேள்வி எதுவும் கேட்கப்படவில்லை. சரியான சொல்லைச் சொன்னவரை ஊழியர் என்றே கணினி நம்பியது.

இந்தக் கதையைப் புத்தளம் மாவட்டத்தில் இருப்பவர்கள் வேறு எவரையும்விடக் கவனமாகக் கேட்க வேண்டும். கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில்தான் நாட்டின் மிகப் பெரிய மின்நிலையம் இருக்கிறது. தலா 300 மெகாவாட் கொண்ட மூன்று இயந்திரங்கள், மொத்தம் 900 மெகாவாட். முதல் இயந்திரம் 2011இல் இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்றும் நிறைவடைந்தன. இந்த நிலையம் நின்றால் என்ன ஆகும் என்பதை நாடு ஏற்கனவே பார்த்திருக்கிறது. 2020 ஓகஸ்ட் 17இல் கெரவலப்பிட்டிய உபமின்நிலையத்தில் பராமரிப்பு வேலையின்போது நடந்த தவறு நாடு முழுவதையும் இருளாக்கியது. நுரைச்சோலை மீண்டும் இயங்கப் பல நாட்கள் எடுத்ததால் அதுவரை மின்வெட்டு தொடர்ந்தது. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் குரங்கொன்று புகுந்தது. நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றன. இரண்டும் விபத்துகள். எங்கோ நடக்கும் ஒரு சிறு தொடுகை இந்தக் கரையிலிருக்கும் நிலையத்தை நிறுத்தி, நாட்டையே நிறுத்த முடியும் என்றால், அப்படித் தொடும் கை யாருடையது என்று கேட்பது மிகையான பயமல்ல. நுரைச்சோலைக்குள் என்ன பாதுகாப்பு ஏற்பாடு இருக்கிறது என்பது வெளியில் பேசப்பட வேண்டிய விடயமல்ல. ஆனால் அந்தக் கேள்வி மின்நிலையத்தோடு நின்றுவிடுவதில்லை. பாலாவியின் சீமெந்துத் தொழிற்சாலை, மாம்புரியின் காற்றாலைகள், வைத்தியசாலைகள், பிரதேச செயலகங்கள், கூட்டுறவு வங்கிகள் என்று கணினி உள்ள ஒவ்வொரு மேசைக்கும் அது பொருந்தும்.

ஒரு கணினி, ஐந்து பேர், ஒரே சொல்

நம் ஊர் அலுவலகங்களில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. கவுண்டரில் ஒரு கணினி. அதைப் பயன்படுத்துவோர் நான்கைந்து பேர். காலையில் முதலில் வருபவர் லொகின் செய்வார். மாலைவரை அது அப்படியே திறந்திருக்கும். மேலதிகாரியின் அனுமதி தேவைப்படும் வேலைக்கு அவருடைய கடவுச்சொல் பிரதம எழுதுநருக்குத் தெரியும். அவர் விடுமுறையில் போகும்போது இன்னொருவருக்குச் சொல்லிவிட்டுப் போவார். சொல் மறந்துவிடக் கூடாது என்று விசைப்பலகையின் அடியில் ஒரு துண்டுக் காகிதம். இடமாற்றம் பெற்றுப் போனவரின் கணக்கு இரண்டு வருடங்களுக்குப் பிறகும் உயிரோடு இருக்கும். கேட்டால் கிடைக்கும் பதில் எங்கும் ஒன்றுதான்: வேலை நிற்கக் கூடாது தானே.

இதைச் சோம்பல் என்று திட்டுவது நியாயமல்ல. கவுண்டரில் முப்பது பேர் நிற்கிறார்கள். வண்ணாத்திவில்லிலிருந்தோ கற்பிட்டியிலிருந்தோ ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்பாமல் இருக்கத்தான் அந்த எழுதுநர் அடுத்தவரின் கடவுச்சொல்லைப் பயன்படுத்துகிறார். நல்லெண்ணத்தில் பிறந்த பழக்கம் அது. ஆனால் அதன் விலையைக் கட்டுபவர், பெரும்பாலும், அந்த எழுதுநரே.

பணம் குறைகிறது, அல்லது ஒரு பதிவு அழிந்திருக்கிறது, அல்லது தகுதியில்லாத ஒருவரின் பெயர் பட்டியலில் ஏறியிருக்கிறது என்று வையுங்கள். கணக்காய்வு வருகிறது. கணினியின் பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரின் கடவுச்சொல் ஐந்து பேருக்குத் தெரியும். பெயருக்கு உரியவர் தான் செய்யவில்லை என்று நிரூபிக்க வழியில்லை. மற்ற நால்வரும் சந்தேகத்திலிருந்து தப்ப வழியில்லை. விசாரணை தொடங்கும்போது சந்தேகம் மேலே ஏறுவதில்லை, கீழேதான் இறங்கும். தற்காலிக ஊழியர், புதிதாக வந்த பயிலுநர், தனக்காகப் பேச யாருமில்லாதவர் முதலில் மாட்டுகிறார். உண்மையில் செய்தவர் அந்த ஐவருக்குள்ளேயே இருந்தாலும், அல்லது உக்ரேனைப் போல எங்கோ இருந்து திருட்டுச் சொல்லோடு வந்த வேற்று மனிதராக இருந்தாலும், பகிர்ந்த கடவுச்சொல் அவரை மூடி மறைத்துவிடுகிறது.

என் வாதம் இதுதான். கடவுச்சொல்லை மட்டும் நம்பாமல், ஊழியரின் அடையாள அட்டையால் கணினிக்குள் நுழைவது நிறுவனத்தின் சொத்தைக் காப்பதற்கான ஏற்பாடு மட்டுமல்ல. ஒழுங்காக வேலை செய்யும் சாதாரண ஊழியரின் பெயரைக் காக்கும் ஏற்பாடும் அதுவே.

பணம் வந்த வழி

திருட்டுக் கடவுச்சொல் எவ்வளவு தூரம் பயணிக்கும் என்பதற்கு இலங்கையே சாட்சி. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள், வங்கிகளுக்கிடையே பணக் கட்டளைகளைக் கொண்டுசெல்லும் ஸ்விஃப்ட் அமைப்புக்கான அங்குள்ள அதிகாரிகளின் நுழைவு விவரங்களைத் திருடி, நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 கட்டளைகளை அனுப்பினார்கள். கேட்ட தொகை ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். அதில் 81 மில்லியன் மணிலாவுக்குப் போய்ச் சூதாட்ட விடுதிகளில் மறைந்தது. 20 மில்லியன் இலங்கையில், ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயரில் இருந்த கணக்குக்கு வந்தது. கட்டளையில் அந்த நிறுவனத்தின் பெயரைத் திருடர்கள் எழுத்துப்பிழையோடு எழுதியிருந்தார்கள். இடையில் இருந்த வங்கி ஐயம் கொண்டு கேள்வி எழுப்ப, பணம் திரும்பிப் போனது. அடுத்த ஆண்டு ஒக்டோபரில் தாய்வான் வங்கியொன்றிலிருந்து அதேபோலத் திருடப்பட்ட பணத்தின் ஒரு பகுதியும் இலங்கைக்கு வந்தது. அது தொடர்பாக இங்கே சிலர் கைதானார்கள்.

எழுத்துப்பிழை ஒன்றால் 20 மில்லியன் டொலர் தப்பியதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அதனால்தான் ஸ்விஃப்ட் அமைப்பு 2016இலேயே தன் உறுப்பு வங்கிகளுக்குக் கட்டாய விதிகளை வகுத்தது. கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கட்டாயம் என்பது அவற்றுள் ஒன்று. வங்கியின் இரும்புப் பெட்டகத்தை ஒரே ஆளின் ஒரே சாவியால் திறக்க விடுவதில்லை; இரண்டு சாவிகள், இரண்டு பேர் என்பது பழைய நடைமுறை. பெட்டகத்துக்கு இருந்த அந்த அறிவு கணினிக்கு வந்து சேர இத்தனை இழப்பு தேவைப்பட்டது.

வென்னப்புவ, மாரவில பக்கத்துக் குடும்பங்களுக்கு இது நேரடியான விடயம். இத்தாலியில் உழைக்கும் பிள்ளைகளின் பணத்தில் கட்டப்பட்ட வீடுகள் அங்கே தெருத்தெருவாக நிற்கின்றன. அந்தப் பணம் ஒவ்வொரு மாதமும் ஏதோ ஒரு கவுண்டரில், ஏதோ ஒரு கணினியில், ஏதோ ஒரு கணக்கின் பெயரில்தான் கைமாறுகிறது.

அரசாங்கம் இழந்த மூன்று மாதங்கள்

2023 ஓகஸ்டில் அடி நேரடியாக அரசாங்கத்தின் மீது விழுந்தது. தரவுகளைப் பூட்டிவைத்துக் கப்பம் கேட்கும் மென்பொருள் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பைத் தாக்கியது. gov.lk முடிவு கொண்ட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகள் பாதிக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகமும் அவற்றுள் ஒன்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயே போய்விட்டன. மின்னஞ்சல் மென்பொருள் பழைய பதிப்பு. அந்தக் காலப்பகுதிக்கு வலையமைப்புக்கு வெளியே வைத்த பிரதி இல்லை. பெரிய கட்டடத்தில் இப்படி என்றால் சிறிய கட்டடங்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது வைத்தியசாலை. 2018இல் சிங்ஹெல்த் அமைப்பிலிருந்து 15 இலட்சம் நோயாளர்களின் விவரங்கள் களவாடப்பட்டன. அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரங்களும் அதில் அடக்கம். விசாரணைக்குழு கண்டுபிடித்த குறைகளுள் முக்கியமானவை இரண்டு. நிர்வாகிக் கணக்கொன்றின் கடவுச்சொல் யாரும் ஊகித்துவிடக்கூடியது. நிர்வாகிகள் இரண்டாவது சான்று இல்லாமலே உள்ளே வர வழி இருந்தது. இத்தனை செல்வமும் ஒழுங்கும் உள்ள நாட்டிலேயே கதவு திறந்தது அப்படித்தான்.

எல்லா அட்டையும் அட்டையல்ல

கழுத்தில் தொங்கும் ஊழியர் அட்டையைக் கணினிக்கும் பயன்படுத்தலாம் என்றதும் பல நிறுவனங்கள் கையிலிருக்கும் அட்டையையே எடுத்துக்கொள்ள நினைக்கும். அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

கதவு திறக்கவும் வருகை பதியவும் பயன்படும் மலிவான அட்டைகள் பெரும்பாலும் ஓர் இலக்கத்தை மட்டும் வைத்திருப்பவை. வாசிப்புக் கருவிக்கு அருகில் வந்ததும் எந்தக் கேள்வியும் இல்லாமல் அந்த இலக்கத்தைச் சொல்லிவிடும். பக்கத்தில் நிற்பவரின் பையில் ஒரு சிறு கருவி இருந்தால் அதற்கும் சொல்லிவிடும். நகல் எடுக்கச் சில வினாடி போதும். அதைவிட மேலானது என்று உலகமெங்கும் விற்கப்பட்ட மைஃபேர் கிளாசிக் அட்டையின் மறைகுறியீட்டை 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உடைத்துக் காட்டினார்கள். ஆய்வை வெளியிடக் கூடாது என்று தயாரிப்பு நிறுவனம் நீதிமன்றம் போனது. நீதிமன்றம் வெளியீட்டை அனுமதித்தது. அந்த வகை அட்டைகள் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

கணினிக்குள் நுழைய ஏற்றது, உள்ளே ஒரு சிறு சிப்பும் அதனுள் ஓர் இரகசியச் சாவியும் கொண்ட அட்டை. அது வேலை செய்யும் விதம் எளிது. கணினி ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கேள்வியை அனுப்புகிறது. அட்டை தன் உள்ளே இருக்கும் சாவியால் அந்தக் கேள்விக்குக் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகிறது. சாவி ஒருபோதும் அட்டையை விட்டு வெளியே வருவதில்லை. இடையில் ஒட்டுக் கேட்டவருக்குக் கிடைப்பது முடிந்துபோன ஒரு கேள்வியின் பதில் மட்டுமே. அடுத்த கேள்விக்கு அது உதவாது. அட்டையோடு ஒரு பின் இலக்கமும் தேவை. தொடர்ந்து சில முறை தவறாக அடித்தால் அட்டை பூட்டிக்கொள்ளும். ஆகவே அட்டையைக் கண்டெடுத்தவர் உள்ளே வர முடியாது. பின் இலக்கத்தை எட்டிப் பார்த்தவரும் வர முடியாது.

இதே முறையை விரலளவு யுஎஸ்பி சாவியிலும் செய்யலாம். ஃபைடோ என்ற பொதுத் தரத்தில் வரும் இந்தச் சாவிகளின் பெரிய பலம் வேறொன்று. ஒவ்வொரு இணையத்தளத்துக்கும் தனித்தனிச் சாவி. உண்மையான தளத்தின் முகவரியோடு அது கட்டப்பட்டிருக்கும். வங்கியின் பக்கம் போலவே அச்சு அசலாக ஒரு போலிப் பக்கத்தைக் காட்டி ஊழியரை ஏமாற்றலாம். சாவியை ஏமாற்ற முடியாது. முகவரி வேறு என்றால் அது வாய் திறக்காது. கூகுள் நிறுவனம் தன் 85,000க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கு இந்தச் சாவியைக் கட்டாயமாக்கிய பிறகு, 2017இன் தொடக்கத்திலிருந்து ஒருவருடைய பணிக் கணக்கும் தூண்டில் மின்னஞ்சலால் பறிபோகவில்லை என்று 2018இல் அறிவித்தது. விலை அப்படி ஒன்றும் எட்டாததல்ல. சாதாரணச் சாவியொன்று ஏறத்தாழ 25 முதல் 30 டொலர்.

எந்தக் கணினியிலிருந்து?

அட்டை ‘யார்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. இன்னொரு கேள்வி மீதியிருக்கிறது: எங்கிருந்து? சரியான அட்டையோடு சரியான ஆள் வந்தாலும், அவர் உட்காரும் கணினி வைரஸ் நிறைந்ததாக இருந்தால் என்ன பயன்? அவர் கதவைத் திறந்துவிட்ட பிறகு கூடவே இன்னொருவர் நுழைவார்.

நம்பகமான கருவி என்று சொல்வது இதைத்தான். அலுவலகம் தனக்குச் சொந்தமான ஒவ்வொரு கணினியையும் பதிவு செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்றிதழைக் கொடுக்கிறது. கணினியின் தாய்ப்பலகையில் உள்ள டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் அதன் சாவியைக் காக்கிறது. மத்திய அமைப்பு இப்போது இரண்டு கையொப்பங்களைப் பார்க்கிறது: ஆளுடையது, கருவியுடையது. திருடிய கடவுச்சொல்லோடு எங்கோ இருந்து வருபவரிடம் இரண்டுமே இல்லை. கூகுள் 2009இன் இறுதியில் பெரும் ஊடுருவலொன்றுக்கு ஆளான பிறகு தன் உள் அமைப்பை இந்த அடிப்படையில்தான் திருப்பிக் கட்டியது.

நம்பகம் என்பது ஒரு நாள் முத்திரையல்ல. இயங்குதளம் புதுப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். வட்டு மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும். சில நிமிடம் ஆள் இல்லாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்னும் அதையே ஓட்டிக்கொண்டிருக்கும் அலுவலகக் கணினிகளை நம்பகமானவை என்று எழுதிவைக்க முடியாது.

ஊழியரின் சொந்தப் போனை நம்பகக் கருவியாக்கும் வழக்கமும் பரவி வருகிறது. இங்கே அவசரம் வேண்டாம். நம் வீடுகளில் போன் என்பது பல வேளைகளில் ஒருவருடையது மட்டுமல்ல. பிள்ளைகளின் பாடமும் விளையாட்டும் அதில்தான். சில வருடங்களில் அது புத்தளம் நகரத்துக் கடையில் மாற்றுக்குப் போகும். பதிவை நீக்காமல் விற்ற போன், அலுவலகத்தின் சாவியோடு விற்ற போன். சொந்தப் போன்தான் வழி என்றால் அதற்கான செலவையும், இழந்தால் என்ன செய்வது என்ற நடைமுறையையும் நிறுவனமே ஏற்க வேண்டும்.

குறுஞ்செய்தி போதாதா?

போனுக்கு வரும் ஓ.டி.பி. இலக்கம் ஒன்றுமே இல்லாததைவிட மேல். ஆனால் அதை முடிவான தீர்வாக எண்ணக் கூடாது. கற்பிட்டிக் குடாநாட்டின் சில ஓரங்களில் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். இலக்கம் வரும் வரை வேலை நிற்கும். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டும் கூட்டத்தைப் பற்றி நம் ஊரில் தெரியாதவர் இல்லை. வாயால் சொல்லக்கூடிய எந்த இரகசியத்தையும் வாயாலேயே பிடுங்கிவிடலாம். போன் திரையில் ‘ஆம்’ அழுத்தும் முறையும் தப்பவில்லை. 2022 செப்டெம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கு அனுமதிக் கோரிக்கை மேல் கோரிக்கையாக அனுப்பிக் களைக்கச் செய்து, வட்ஸ்அப்பில் தகவல் தொழில்நுட்பப் பிரிவு என்று பொய் சொல்லி, அவரையே அனுமதிக்க வைத்தார்கள். அட்டைக்கும் சாவிக்கும் சிக்னல் தேவையில்லை. அவற்றைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டவும் முடியாது.

கைரேகை? நம் அரசாங்க அலுவலகங்களில் வருகைப் பதிவுக்கு அது பழகிப்போனது. ஆனால் உப்பளத்திலும் சீமெந்திலும் வலையிலும் உழைத்துத் தேய்ந்த விரல்களை அந்தக் கருவிகள் பல நேரம் அடையாளம் காண்பதில்லை. தவிர, களவுபோன அட்டையை ரத்துச் செய்து புதிது கொடுக்கலாம். களவுபோன ரேகைக்குப் புது விரல் கொடுக்க முடியாது. ஊழியரின் கருவிக்குள்ளேயே நின்று அதைத் திறக்க மட்டும் ரேகை பயன்படலாம். மத்திய சேவர் ஒன்றில் எல்லோருடைய ரேகையையும் குவித்துவைப்பது வேண்டாத ஆபத்து.

வினாடிக் கணக்கு

அட்டை கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இங்கிலாந்தின் அனுபவம் ஒரு பாடம். நம் நாட்டு வைத்தியர்கள் பலர் வேலை செய்யும் அந்நாட்டுத் தேசிய சுகாதார சேவையில், நோயாளர் பதிவுகளைத் திறக்க இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்மார்ட் கார்ட் வந்தது. 2007இல் தென் வார்விக்ஷயரின் வைத்தியசாலையொன்றில், அவசர சிகிச்சைப் பிரிவினர் ஒருவருடைய அட்டையைக் கணினியில் செருகிவிட்டுப் பணிமுறை முழுவதும் எல்லோரும் அதையே பயன்படுத்தியது வெளிவந்தது. காரணம், ஒவ்வொருவரும் தனித்தனியே நுழைய 60 முதல் 90 வினாடி பிடித்தது. மூச்சுத்திணறலோடு ஒருவர் படுக்கையில் கிடக்கும்போது 90 வினாடி காத்திருக்கும் தாதி எங்கும் இருக்கமாட்டார்.

ஆகவே சிலாபம், புத்தளம் போன்ற இடங்களின் வைத்தியசாலைகளில் இப்படி ஒன்றைக் கொண்டுவருபவர்கள் முதலில் அளக்க வேண்டியது வினாடிகளைத்தான். காலையில் ஒரு முறை அட்டையும் பின் இலக்கமும். அதன் பிறகு அந்தப் பணிமுறை முழுவதும் எந்த வாட்டுக் கணினியிலும் அட்டையைத் தொட்டால் போதும், தான் விட்ட இடத்திலிருந்து திரை திறக்க வேண்டும். திரும்பத் தொட்டால் மூட வேண்டும். உலகின் பல வைத்தியசாலைகளில் இன்று இது நடக்கிறது. கடவுச்சொல்லை அடிப்பதைவிட அட்டையைத் தொடுவது வேகமாக இருந்தால் ஊழியர்கள் தாமாகவே அட்டைக்கு மாறுவார்கள். மெதுவாக இருந்தால் எந்தச் சுற்றறிக்கையும் அவர்களை மாற்றாது. கடற்காற்றின் உப்பு உலோகத் தொடுமுனைகளை அரிக்கும் இந்தக் கரையில், செருகும் வாசிப்புக் கருவியைவிட அருகில் காட்டினால் போதும் என்ற வகை நீண்ட நாள் உழைக்கும் என்பதையும் கொள்வனவுக் குழுக்கள் குறித்துக்கொள்ளட்டும்.

பதிவும் உரிமையும்

அட்டை வந்தால் ஒவ்வொரு நுழைவும் பதிவாகும். ஊழியர்களின் தயக்கமும் அங்கேதான் இருக்கிறது. அது நியாயமான தயக்கம். தேநீருக்குப் போன நிமிடங்களை எண்ணுவதற்கும், தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனவரைத் தேடுவதற்கும் இந்தப் பதிவைப் பயன்படுத்தினால், ஊழியரைக் காக்க வந்த ஏற்பாடு அவரைக் கண்காணிக்கும் ஏற்பாடாகிவிடும். பதிவை யார் பார்க்கலாம், எதற்காக, எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைக் கருத்தும் அதுதான்: எடுத்த நோக்கத்துக்கு மட்டுமே தரவு. தொழிற்சங்கங்கள் அட்டையை எதிர்ப்பதைவிட இந்த எழுத்தைக் கேட்டு வாங்குவது மேல்.

மறுபக்கத்தையும் ஊழியர்கள் அறிய வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தில், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட நுழைவு விவரத்தை அதிகாரமின்றி வெளியிடுவதும் ஒரு குற்றம். வேலை நிற்கக் கூடாது என்று நல்ல மனதோடு சொல்லிக் கொடுத்த கடவுச்சொல், ஒருநாள் சொல்லிக் கொடுத்தவருக்கு எதிராகவே சான்றாகலாம்.

கவுண்டருக்கு வெளியே நிற்பவருக்கும் இதில் பங்குண்டு. உண்மையில் பெரிய பங்கு அவருடையதே. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பாலோர் புத்தளத்தில்தான் வந்து தங்கினார்கள். வீட்டையும் காணி உறுதியையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு, தாங்கள் யார் என்பதை அலுவலகம் அலுவலகமாக நிரூபிப்பது ஒரு தலைமுறை வேலையானது. பதிவேட்டில் பெயர் இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் உள்ள வித்தியாசம் இந்தக் கரைக்குத் தெரிந்த அளவுக்கு வேறெங்கும் தெரியாது. இன்று அந்தப் பதிவேடு கணினியில் இருக்கிறது. 2023இல் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவுகள் தொடங்கியபோது, ஏன் என் பெயர் இல்லை என்று கேட்டுப் பிரதேச செயலகங்களில் நின்ற வரிசைகள் நினைவிருக்கும். அப்படிக் கேட்பவருக்கு, இந்தப் பதிவை இன்ன உத்தியோகத்தர் இன்ன நாளில் இன்ன கணினியிலிருந்து மாற்றினார் என்று சொல்ல முடிந்தால் முறையிட ஒரு பாதை உண்டு. எல்லோரும் பயன்படுத்தும் ஒரு பெயரில் மாறியது என்றால், அந்த ஏழை யாரிடம் போவார்?

எங்கிருந்து தொடங்குவது

புத்தளம் மாவட்டத்தில் 16 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. எல்லா மேசைக்கும் ஒரே நாளில் அட்டை வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் வரிசை ஒன்று இருக்கிறது.

காசில்லாமல் இந்த வாரமே செய்யக்கூடியவை முதலில். இடமாற்றம் பெற்றவர், ஓய்வுபெற்றவர் எல்லோருடைய கணக்குகளையும் மூடுங்கள். 2021 மேயில் அமெரிக்காவின் கொலோனியல் எரிபொருள் குழாய்ப்பாதை பல நாட்கள் நின்று, 4.4 மில்லியன் டொலர் கப்பம் கொடுக்கப்பட்டதற்கு வழிவிட்டது, பாவனையில் இல்லாத ஒரு பழைய கணக்கும் இரண்டாவது சான்று கேட்காத ஒரு வாசலுமே. அடுத்து, பொதுப் பெயர்க் கணக்குகளை ஒழித்து ஆளுக்கொரு பெயர் கொடுங்கள். மேலதிகாரி இல்லாத நாளில் அவருடைய கடவுச்சொல்லுக்குப் பதிலாக, பதில் கடமை பார்ப்பவரின் சொந்தக் கணக்குக்குத் தற்காலிக அதிகாரம் கொடுங்கள். பகிர்வுக்கான தேவையை நீக்காமல் பகிர்வைத் தடைசெய்வது பயன் தராது.

இரண்டாவதாக, சிறிய செலவோடு, பெரிய வாசல்களுக்குச் சாவி. கணினி அமைப்பை நிர்வகிப்பவர், பணத்தை அனுப்பும் அதிகாரம் உள்ளவர், பதிவுகளைத் திருத்தும் அதிகாரம் உள்ளவர், வெளியிலிருந்து வலையமைப்புக்குள் வருபவர். ஒரு சிறிய அலுவலகத்தில் இவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவி: ஒன்று கையில், ஒன்று பெட்டகத்தில். தொலைந்தால் யாருக்கு அறிவிப்பது, எத்தனை நிமிடத்தில் ரத்தாகும், அன்றைய வேலைக்கு எந்தத் தற்காலிக அட்டை என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். தொலைத்தவரைத் தண்டிக்கும் அலுவலகத்தில் யாரும் தொலைந்ததைச் சொல்லமாட்டார்கள். சொல்லாத அந்த நேரத்தில்தான் திருடன் நுழைவான். எல்லாம் பழுதானால் திறப்பதற்கென ஓர் அவசரக் கணக்கு முத்திரையிட்ட உறையில் இருக்கட்டும். உறை பிரிந்தால் காரணம் பதிவாகட்டும்.

மூன்றாவதாகக் கருவிகளின் பட்டியல். எந்தக் கணினி நம்முடையது, எது புதுப்பிக்கப்பட்டது, எது வெளியேற வேண்டியது என்று எழுதினாலே பாதி உண்மை வெளிப்படும். அதன் பிறகு பதிவு செய்யாத கருவிக்கு முக்கியமான அமைப்புகளை மூடிவிடலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதற்குக் கொள்வனவுக் குழு தேவையில்லை. ஓர் அலுவலகத்தில் கடவுச்சொல் பகிரும் பழக்கம் கவுண்டரில் தொடங்குவதில்லை. தலைவரின் அறையில் தொடங்குகிறது. தன் கடவுச்சொல்லைக் கீழே கொடுத்து, தன் பெயரில் அனுமதிகளை இன்னொருவர் அழுத்த விடுகிற தலைவர், தன் ஊழியர்களிடம் வேறு ஒழுக்கத்தைக் கேட்க முடியாது. ஆகவே முதல் அட்டை அவர் கழுத்துக்குப் போகட்டும். தானே வந்து, தானே தொட்டு, தன் அனுமதியைத் தானே கொடுக்கும் ஒரு பிரதேச செயலாளரோ வைத்திய அத்தியட்சகரோ வங்கி முகாமையாளரோ இருக்கும் இடத்தில், அடுத்த மேசைகள் மாற அதிக நாள் எடுக்காது.